கிலோமீட்டர் 88,412

ஜூலை 2

காரின் பானெட்டைத் திறப்பதென இன்று முற்பகல் 11.40 மணிக்கு முடிவு செய்யப்பட்டது. முடிவு ஏகமனதானது. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லை.

இது சாதாரண முடிவு அல்ல. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் நிற்கும் வண்டியின் பானெட்டை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. வண்டி என் மனைவி எஸ்தருடையது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள்தான் ஓட்டிப் போவாள், ஓட்டி வருவாள். கேட்டைத் திறந்து மூடுவது என் பொறுப்பு. வெளியே போனதும் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள், நான் மூடுவேன். முப்பத்தொரு ஆண்டு நீதிமன்றத்தில் வேலை பார்த்து சிரஸ்தார் என்ற தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற ஒருவருக்கு, ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு நிரந்தரமான பதவி கிடைப்பது அபூர்வம்.

எஸ்தர் சென்ற ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலமானாள். அதன்பிறகு வண்டி கேட்டைத் தாண்டவில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக நான் தினமும் காலை 8.10க்கு அதைக் கிளப்பி, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்துகிறேன். அதற்கு முன் கேட்டைத் திறந்துவைக்கிறேன். புகை போவதற்காக.

இரண்டு வாரமாக வண்டி இருமுகிறது. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலைக்கு வரவில்லை. மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆனால் அலுவலகம் இந்த அளவுக்குக் குலுங்கியதில்லை.

பானெட்டைத் திறக்கும் கம்பி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. திறந்து பார்த்தேன். உள்ளே இன்ஜின் இருந்தது. மூடிவிட்டேன்.

கி.மீ. 88,412.

ஜூலை 4

பக்கத்து வீட்டுப் பூரணம் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு புகார் சொன்னாள்.

"சார், காலையில ஒங்க வண்டி இருமுச்சுல்லா, எங்க மாமனார்தான் இருமுதாவன்னு நெனச்சு வெந்நி போட்டுக் கொண்டுபோனேன். மனுசன் நல்லாத் தூங்கிக்கிட்டிருக்காவ. எழுப்பி வெந்நி குடுத்தா ஏச்சு விழுது."

வருத்தம் தெரிவித்தேன்.

"ரிப்பேர் பாக்கக் கூடாதா? டீச்சர் மைதீன் பாய்கிட்டதான விடுவாவ?"

மேலப்பாளையம் மைதீன் மெக்கானிக். இந்த வண்டியைப் பத்தொன்பது ஆண்டும் பார்த்தவர். அவரைக் கூப்பிடாததற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உள்ளன. ஒன்று, இதை வீட்டிலேயே சரி செய்யலாம் எனக் கையேடு சொல்கிறது. இரண்டு, அவருக்கு வேலை அதிகம். மூன்றாவது காரணத்தை எழுத வேண்டியதில்லை.

கி.மீ. 88,412.

ஜூலை 5

புனேயிலிருந்து மகள் ஷீபா பேசினாள். சாப்பாடு, சுகர் மாத்திரை, தண்ணீர்த் தொட்டி ஆகிய வழக்கமான விசாரணைகள் முடிந்ததும் வண்டிக்கு வந்தாள். பூரணம் அவளிடமும் சொல்லியிருக்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தனித் தபால் நிலையம் இயங்குகிறது.

"யாருப்பா ஓட்டப்போறா அத? நீங்க ஓட்ட மாட்டீங்க. நான் இங்க கெடக்கேன்."

"தெனமும் கிளப்புதேன்."

"கிளப்பி?"

"நிப்பாட்டுதேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"சரிப்பா. இருவத்தேழாம் தேதி லீவு போட்டு வாரேன். அன்னைக்கு வண்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. இருமிக்கிட்டு நின்னுச்சுன்னா பழைய இரும்புக் கடைக்காரனக் கூப்பிட்டுருவேன். நீங்க இப்படி அதுக்குப் பக்கத்துல தெனமும் நிக்கது எனக்குப் புடிக்கல. சம்மதமா?"

"சம்மதம்."

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். இருபத்திரண்டு நாள் அவகாசம்.

சனிக்கிழமையானதால் இன்று வண்டியைக் கிளப்பவில்லை. கி.மீ. 88,412.

ஜூலை 6

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்தேன். நேற்றைய குழம்பு இன்றும் இருந்தது.

ஜூலை 7

விசாரணை தொடங்கியது.

கையேட்டில் முறை தெளிவாக உள்ளது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது இன்ஜினின் சத்தம் மோசமாகிறதோ, அந்த சிலிண்டர் நிரபராதி. எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுவே குற்றவாளி. இல்லாதபோது வித்தியாசம் தெரியாதவர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்பது இதன் தத்துவம். ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது நல்லது.

முதலில் நால்வரையும் அடையாளப்படுத்த வேண்டும். வண்டிக் கதவின் பையில் எஸ்தரின் சாக்பீஸ் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, பானெட்டுக்கு முன்னால் நின்று, நீதிமன்ற வழக்கப்படி இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என எண்ணிட்டேன். எங்கள் நீதிமன்றத்தில் முதலாம் எதிரி நீதிபதியின் இடக்கைப் பக்கம்தான் நிற்பார். முப்பத்தொரு ஆண்டில் ஒருவர்கூட இடம் மாறி நின்றதில்லை. நின்றால் நான் விடமாட்டேன்.

துணி மாட்டும் காய்ந்த மரக் கிளிப்பால் ஒயர்களைப் பிடித்து இழுத்தேன். முதலாம் எதிரி: சத்தம் மோசமானது. விடுதலை. இரண்டாம் எதிரி: கிளிப் நழுவி விரல் பட்டது. முழங்கை வரை ஓர் அடி விழுந்தது. நீதிமன்ற ஊழியரைத் தாக்கியதற்குத் தனி வழக்கு உண்டு என்றாலும், அவரும் நிரபராதி. மூன்றாம் எதிரியும் அப்படியே. நான்காம் எதிரி: ஒயரைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடியும் கழற்றினேன். எந்த மாற்றமும் இல்லை.

நான்காம் எதிரியே குற்றவாளி. ஒரே அமர்வில் தீர்ந்த வழக்கை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

விரல் இன்னும் மரத்திருக்கிறது. யாரிடமாவது சொல்லலாம் என்று ஹால் வரைக்கும் வந்தேன். கி.மீ. 88,412.

ஜூலை 9

தெற்கு பஜாரில் பிளக் ஸ்பேனர் வாங்கினேன். கடைக்காரர் "யாருக்கு சார்?" என்றார். எனக்குத்தான் என்றேன். என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "கையில பெலன் இருக்குல்லா?" என்றார். பிறகு மனம் இளகி, எண்ணெய் ஒரு டப்பா சும்மா கொடுத்தார்.

நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். நான்காவது கண்மை பூசியதுபோல் முழுக்கக் கரி. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது. ஆனால் நிரபராதிகள் மூவரையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அவர்களும் கறுப்பாகவே இருந்தார்கள். நான்காமவர் அளவுக்கு இல்லை. ஆனால் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிளக்கில் இப்படிக் கரி பிடிப்பதற்கான காரணம் கையேட்டின் 143ஆம் பக்கத்தில் உள்ளது. படித்தேன். இந்த வழக்குக்குப் பொருந்தாது எனக் கருதிப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

கி.மீ. 88,412.

ஜூலை 10

காலை முழுவதும் சுத்தம் செய்யும் பணி. பிளக்குகளை பிரஷால் தேய்த்தேன். ஒயர்களை இரு முனையிலும் கழற்றித் துடைத்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தேன். மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பங்கிடும் கறுப்பு மூடி ஒன்று இருக்கிறது; டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள். அதிலும் 1, 2, 3, 4 என எண்கள் பொறித்திருந்தார்கள். தயாரித்தவர்களும் முறைப்படி நடப்பவர்கள் என்பதில் மகிழ்ச்சி.

மூடியின் எண்ணையும் என் சாக்பீஸ் எண்ணையும் ஒப்பிட்டு ஒயர்களை மாட்டினேன். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. நான்காவது ஒயர் எட்டாமல் முரண்டு பிடித்தது. முன்பு எப்படி எட்டியதோ தெரியவில்லை. கொஞ்சம் வற்புறுத்தி மாட்டினேன்.

ஓட்டுநர் இருக்கையில் கிடந்த தூசியையும் தட்டினேன். எஸ்தர் நான்கடி பத்தங்குலம். நான் ஐந்தடி பதினோரு அங்குலம். இருக்கை அவள் வைத்திருந்தபடி ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கிறது. அதனால் நான் உள்ளே உட்காருவதில்லை. வெளியே நின்று, கதவைத் திறந்து, கையை நீட்டிச் சாவியைத் திருகுவேன். முதுகுக்கும் அது நல்ல பயிற்சி.

கி.மீ. 88,412.

ஜூலை 11

காலை 8.10. கேட்டைத் திறந்தேன். சாவியைத் திருகினேன். இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிறகு சைலன்ஸர் வழியே 'டமார்' என ஒரு வெடி. வேப்பமரத்துக் காகங்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. பூரணத்தின் மாமனார் "என்னட்டி, யாரு செத்தா?" என்று உள்ளிருந்து கேட்டது இங்கே தெளிவாகக் கேட்டது.

பதினொரு முறை முயன்றேன். இதுவரை மூன்று சிலிண்டரிலாவது ஓடிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்தபின் ஒன்றும் ஓடவில்லை. சீர்திருத்தங்களின் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு.

கேட்டை மூடினேன்.

ஜூலை 14

காலை 8.10க்கு ஒன்றும் நிகழவில்லை.

எட்டரைக்குப் பூரணம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏன் சார், வண்டிய எடுக்கலியா இன்னைக்கு? பிள்ளையளுக்கு வேன் போயிட்டு!"

"வேனுக்கும் என் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒங்க வண்டி சத்தம் கேட்டாத்தான் நான் டிபன் பாக்ஸ மூடுவேன். டீச்சர் இருக்கும்போதுலேருந்து அப்படித்தான். கடிகாரத்த யாரு பாக்கா?" பிறகு குரலை இறக்கினாள். "மே மாசம் பூரா சத்தமில்ல, சரி லீவுதானன்னு விட்டுட்டேன். இப்போ பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசமாச்சுல்லா?"

மே மாதம் நான் வண்டியைக் கிளப்பவில்லை என்பது உண்மையே. சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் கிளப்புவதில்லை. பேட்டரிக்கும் ஓய்வு தேவை.

இனி கடிகாரம் பார்க்கும்படி ஆலோசனை வழங்கினேன்.

கி.மீ. 88,412.

ஜூலை 16

ஒயர்களைக் கழற்றி அதே இடங்களில் மாட்டினேன். அதே விளைவு. பிளக்குகளை இடம் மாற்றினேன். அதே விளைவு. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 143ஆம் பக்கத்தை மட்டும் படிக்காமல் புரட்டிவிட்டேன்.

பதினொரு நாள் இருக்கிறது.

ஜூலை 17

இன்று யாருடனும் பேசவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். அது பக்கத்து வீட்டுக்கு.

ஜூலை 18

மாலை நான்கு மணிக்கு மைதீனுக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"டீச்சர்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். என்னிடம் இருப்பது எஸ்தரின் போன். அவருடைய போனில் இந்த எண் அந்தப் பெயரில்தான் இருக்கும். நான் எழுதாமல் விட்ட மூன்றாவது காரணம் இதுதான் என்பதைப் பதிவின் முழுமைக்காகக் குறிக்கிறேன்.

"நான்தான் பாய். ஜெபமணி."

"சொல்லுங்க சார். ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல எனக்கு. சொல்லுங்க."

வழக்கின் விவரங்களை வரிசையாகச் சொன்னேன். நடுவில் ஒருமுறை சிரிப்பை அடக்கினார் என நினைக்கிறேன்.

"நீங்களா கழத்துனிய? நீங்களேவா? சரி, இனும ஒண்ணையும் தொடாதிய. ஞாயித்துக்கிழம வாரேன்."

கி.மீ. 88,412.

ஜூலை 20

மைதீன் பத்து மணிக்கு வந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். பானெட்டைத் திறந்து பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த நம்பர் யாரு போட்டது?"

"நான்தான்."

"எந்தப் பக்கத்துலருந்து எண்ணுனிய?"

நீதிமன்ற வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், கோர்ட்டுல எப்படி நிப்பாட்டுனாலும் சரி. இன்ஜினுக்கு பெல்ட்டு இருக்க பக்கந்தான் ஒண்ணாம் நம்பரு. இந்த வண்டியில பெல்ட்டு ஒங்க வலக்கைப் பக்கம். நீங்க ஒண்ணுன்னு எழுதுனது நாலு, நாலுன்னு எழுதுனது ஒண்ணு. மொத்தமாத் தலகீழா மாட்டி வச்சிருக்கிய. கரண்டு வரும்போது காத்து இல்ல, காத்து வரும்போது கரண்டு இல்ல. அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்?"

ஆக நான் நான்காம் எதிரி என்று தண்டித்தது முதலாம் எதிரியை. முப்பத்தொரு ஆண்டில் இப்படி எத்தனை பேரை நிறுத்தியிருப்பேன் என்று கணக்கிடவில்லை.

ஒயர்களை இரண்டு நிமிடத்தில் மாற்றினார். கந்தலை எடுத்து சாக்பீஸ் எண்களைத் துடைக்கப் போனார். இருக்கட்டும் என்றேன். "தப்பு நம்பரு சார்" என்றார். தப்பாகவே இருக்கட்டும், தடயம் என்றேன். கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, உட்கார்வதற்காக இருக்கையின் அடியில் கையை விட்டு லீவரைத் தேடினார்.

"வேண்டாம் பாய்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மைதீன் இருக்கையைப் பார்த்தார். ஸ்டியரிங்குக்கும் அதற்கும் இடையில் இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். வெளியிலேயே நின்று, நான் செய்வது போலவே கையை நீட்டிச் சாவியைத் திருகினார்.

இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்தது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. பத்து நிமிடம் இருவரும் இரண்டு பக்கமும் நின்றோம். பூரணம் எட்டிப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை ஆச்சே சார்?" என்றாள்.

காபி குடிக்கும்போது மைதீன் கேட்டார். "எல்லாப் பிளக்குலயும் கரி. ரோட்டுல எடுக்கவே இல்ல, அப்படித்தான?"

"தினமும் பத்து நிமிஷம் ஓடவிடுவேன்."

"நின்ன எடத்துல பத்து நிமிசம் ஓட்டுனா கரி பிடிக்காம சந்தனமா பிடிக்கும்? அதுக்குச் சூடு ஏறவே இல்லியே சார். இன்னைக்கு நல்லா இருக்கும். ஒங்க பழக்கத்துலயே விட்டிங்கன்னா ஒரே மாசம். மறுபடியும் இருமும். வாரத்துல ரெண்டு நாளாவது திருச்செந்தூர் ரோட்டுல இருவது கிலோமீட்டர் வெரட்டணும்."

"யாரு ஓட்டறது?"

"நான் வந்து ஓட்டுவேன். எனக்கென்ன." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா அந்தச் சீட்டுல நான் உக்கார முடியாது சார். நீங்களே சொல்லுங்க."

கூலியை எடுத்து நீட்டினேன்; வாங்க மறுத்துவிட்டார். கி.மீ. 88,412.

ஜூலை 21

பதிவின் முழுமைக்காகக் கையேட்டின் 143ஆம் பக்கம்: "வாகனத்தை ஓட்டாமல், நின்ற நிலையில் குறுகிய நேரம் மட்டும் இயக்கி நிறுத்துவதைத் தவிர்க்கவும். இதனால் பிளக்குகளில் கரி படிந்து இன்ஜின் பழுதடையும்."

எதிரிகள் நால்வரும் விடுவிக்கப்படுகிறார்கள்.

இன்று 8.10க்கு வண்டியைக் கிளப்பவில்லை. கேட்டை மட்டும் திறந்து, பிறகு மூடினேன். பூரணம் கடிகாரம் வாங்கிவிட்டாளா என்று தெரியவில்லை.

ஜூலை 22

இருக்கையை நகர்த்தாமலே ஒருவர் அதில் உட்கார முடியுமா என்பது சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. முதலில் இடக்கால், பிறகு தலை, பிறகு மீதி. உள்ளே போய்விட்டேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் ஏறி நின்றன. வயிறு ஹாரன்மேல் பதிந்தது. ஹாரன் நிற்காமல் ஒலித்தது. வெளியே வர வயிற்றை உள்ளிழுக்க வேண்டும். அது என் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை.

பூரணம் ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"அய்யய்ய, என்ன சார் இது! சீட்டப் பின்னால தள்ளலாம்லா?"

"தள்ளலாம்."

"நான் தள்ளட்டுமா?"

"வேண்டாம்."

என் காலைப் பிடித்துத் திருப்பி, தோளைப் பிடித்து இழுத்து, சேதமில்லாமல் வெளியே எடுத்தாள். மாமனாரைத் தினமும் கட்டிலிலிருந்து எழுப்புகிறவள், கை பழகியிருக்கிறது. மாலையில் ஒரு கிண்ணம் புளிக்குழம்பு வந்தது.

கி.மீ. 88,412.

ஜூலை 24

ஓர் அலுவலகத்தில் வேலை இருந்தது. போய் வந்தேன். டாக்டர் கண் சரி, காது சரி என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்டார்கள். ஒன்று தவறு.

ஜூலை 27

ஷீபா காலை ரயிலில் வந்தாள். வீட்டுக்குள் வரும் முன்பே, பையைத் தோளிலிருந்து இறக்காமல், "எங்க ஒங்க வண்டி?" என்றாள்.

சாவியைக் கொடுத்தேன்.

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். லீவரைத் தேடி இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். தேவைப்படவில்லை. கால் பெடலுக்கும், கை ஸ்டியரிங்குக்கும், கண் கண்ணாடிக்கும் சரியாக இருந்தன. அவளும் நான்கடி பத்தங்குலம். கொஞ்ச நேரம் சாவியைத் திருகாமல் அப்படியே இருந்தாள். பானெட்டைத் துடைப்பதற்கு எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்தது. நான் கேட்டைத் திறந்தேன். ஷீபா பின்னால் எடுத்துத் தெருவுக்குப் போனாள். இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

நான் கேட்டை மூடினேன். கொண்டியும் போட்டேன். திரும்பி வீட்டுக்குள் நடந்தேன்.

"அப்பா!" என்று தெருவிலிருந்து கூப்பிட்டாள். "ஒங்களத்தான! கோவிலுக்கு நீங்களும்தான வாரீங்க?"

கேட்டை மறுபடியும் திறந்து வெளியே போனேன். வழியெல்லாம் இன்ஜின் சத்தம் நன்றாகக் கேட்டது.

கி.மீ. 88,419.

ஜூலை 28

இரவு உணவின்போது தீர்ப்பு வழங்கப்பட்டது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. ஒத்துக்கிடுதேன். இரும்புக் கடை கிடையாது." தட்டில் கோடு கிழித்தபடி கேட்டாள்: "ஆனா ஞாயித்துக்கிழம நான் போயிருவேன். அப்புறம்? மறுபடியும் நின்ன எடத்துலயா?"

மேசை டிராயரிலிருந்து வியாழக்கிழமை வாங்கிய தாளை எடுத்துக் கொடுத்தேன். பழகுநர் உரிமம். வயது 67. பத்துக்கு ஒன்பது.

ஷீபா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"இந்தப் போட்டோவுல நீங்க எட்டுக் கொலை பண்ணுன ஆள் மாதிரி இருக்கீங்க."

"அந்தக் கேமரா அப்படி."

"கேட் தூணுல இடிச்சிட்டு, அம்மாகிட்ட ஏச்சு வாங்கி, இனும ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்னு சொன்னது?"

அது 2007ஆம் ஆண்டு நிகழ்ந்தது. தூணில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எஸ்தர் ஏசவில்லை, "நீங்க கேட்டப் பாத்துக்கிடுங்க" என்றாள், அவ்வளவுதான். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

ஷீபா சிரித்தாள். பிறகு எழுந்துபோய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

கி.மீ. 88,419.

ஆகஸ்ட் 3

ஷீபாவை ரயிலேற்றினேன். ஸ்டேஷன் வரை அவளே ஓட்டினாள். திரும்பி வர மைதீன் தன் பையனின் ஸ்கூட்டரில் வந்திருந்தார். இருக்கை நகராமல் அவரால் ஓட்ட முடியாது என்பதால் வண்டியை ஸ்டேஷன் நிறுத்தத்தில் விட வேண்டியிருந்தது. மைதீன் "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாரேன், சேந்து போயி எடுப்போம்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஷீபா வீட்டைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வாரம் இரண்டு டம்ளர் காபி போட்ட பழக்கத்தில் இன்றும் இரண்டு போட்டுவிட்டேன். இரண்டையும் குடித்தேன்.

கி.மீ. 88,431.

ஆகஸ்ட் 4

காலை ஏழே காலுக்கு ஸ்டேஷன் நிறுத்தத்தில் மைதீனும் நானும். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டினார். இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு, ஜன்னல் வழியே அந்தப் பக்கம் நின்ற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓட்டுநர் கதவைத் திறந்து, குனிந்து, இருக்கை நின்ற இடத்தை அடித்தண்டவாளத்தில் எஸ்தரின் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் குறித்தேன். சாக்பீஸ் அத்துடன் தீர்ந்தது.

திருச்செந்தூர் சாலையில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். மூன்று முறை நின்றுவிட்டது. மூன்றும் என்னால், இன்ஜினால் அல்ல. மைதீன் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது மணி 8.10. பூரணம் பிள்ளைகளோடு வேனுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

இருக்கை ஐந்து பல் பின்னால் நகர்த்தப்பட்டுள்ளது. கி.மீ. 88,456.